தண்ணீர்ச் சத்தம் கேட்டு, பேத்தியை இடுப்போடு கட்டிக்கொண்ட அப்பா

நாகைக்காரி:
அப்பா அக்கரைப்பேட்டையில் கடல் தொழில் செய்தவர். 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமியில், என் தம்பியின் கை அவர் கையிலிருந்து நழுவியது. அதைப் பற்றி ஒருமுறைகூட வாய் திறந்ததில்லை. போன வாரம் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டேன். தொட்டி நிரம்பிக் கொட்டிய சத்தத்தில் விழித்தவர், என் மகளைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்கு ஓடிவிட்டார். போய்ப் பார்த்தால், குழந்தையைத் தன் இடுப்போடு துண்டால் கட்டியிருந்தார். வலைக்குப் போடும் முடிச்சு. எனக்கு அவிழ்க்கத் தெரியவில்லை; கை நடுங்கியதால் அவராலும் முடியவில்லை. கத்தரிக்கோல் வாங்கி வெட்டினோம். இத்தனை வருடம் கழித்துமா?

ரயில் வீடு:
ஆமாம், கழித்தும் வரும். என் கணவர் ரயில் ஓட்டுநர். தண்டவாளத்தில் நின்ற இளைஞன் ஹாரனுக்கு நகரவில்லை; கடைசி நொடியில் இவரை நிமிர்ந்து பார்த்தான். அதன்பின் ஓராண்டு, தூக்கத்தில் இவர் கை பிரேக்கைத் தேடியது. முதலில் பார்த்த மருத்துவர் தூக்க மாத்திரையோடு அனுப்பிவிட்டார். பிறகு கிடைத்த உளவியலாளர், கண்ணை மூடி, அந்த நிமிடம் இப்போது நடப்பதுபோலச் சொல்லச் சொன்னார். அவர் சொன்னதைப் பதிவுசெய்து, அந்தப் பதிவைத் தினமும் வீட்டில் கேட்க வேண்டும். முதல் வாரம் சமையலறையில் நின்று நானும் அழுதேன். பன்னிரண்டாவது அமர்வுக்குப் பிறகு, "அவன் முகம் இருக்கிறது, ஆனால் பழைய முகமாகிவிட்டது" என்றார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
ஏற்க முடியவில்லை அம்மா. ஆறிய புண்ணை ஏன் கிளற வேண்டும்? விபத்துக்குப் பின் என் மைத்துனரிடம் நாங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்தச் சாலைப் பக்கம் போவதையும் விட்டுவிட்டார், நிம்மதியாக இருக்கிறார். நாகைக்காரி, அப்பாவைக் காலையில் நடக்கச் சொல்லுங்கள், கோயிலுக்கு அழைத்துப் போங்கள்.

மனநலச் செவிலி:
ஐயா, புண் ஆறியிருந்தால் உங்கள் மைத்துனர் ஏன் இன்னும் சுற்றுவழியில் போகிறார்? விலகிப்போவதே இந்த நோயின் ஓர் அறிகுறி; பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனஉளைச்சல் நோய், PTSD என்பார்கள். 1980-லேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தது. சம்பவம் நடந்த சூட்டோடு எல்லோரையும் உட்காரவைத்துப் பேசவைப்பது உதவாது, அது உண்மை. ஆனால் ஒரு மாதம் தாண்டியும் கனவும் திடுக்கிடலும் நீடித்தால், பயிற்சி பெற்றவரிடம் படிப்படியாகப் பேசுவதுதான் சிகிச்சை. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் சிலருக்குக் கைகொடுக்கும். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

நாகைக்காரி:
எண்ணைக் குறித்துக்கொண்டேன். அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. இப்போதெல்லாம் மோட்டார் போட்டால், தொட்டி பாதி நிறையும்போதே அவரே எழுந்துபோய் நிறுத்திவிடுகிறார். ரயில் வீட்டு அக்கா, உங்கள் கணவரை முதல் நாள் என்ன சொல்லி அழைத்துப் போனீர்கள்?