இணையத்தள வடிவமைப்பைப் பழக உசாத்துணை நூல் வாங்கலாமா?

படுவான்கரை வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் நாங்கள் நடத்தும் சிறிய வாசிகசாலைக்கு, வெளிநாட்டில் வசிக்கும் ஊரவர் ஒருவர் 40,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் எட்டுப் பிள்ளைகள் இணையத்தள வடிவமைப்பைப் பழக விரும்புகிறார்கள். எங்களிடம் பழைய கணினிகள் இரண்டு உள்ளன. இணைய இணைப்போ மாலையானால் மிகவும் மந்தமாகிவிடும். ட்ரீம்வீவர், வேர்ட்பிரஸ், ஃபிக்மா போன்ற மென்பொருள்களுக்கான உசாத்துணை நூல்களை இந்தப் பணத்தில் வாங்குவதா, அல்லது முழுவதையும் டேட்டாவுக்குச் செலவிட்டுப் பிள்ளைகளைக் காணொளி பார்க்கச் செய்வதா என்பதில் எங்கள் குழுவுக்குள்ளேயே உடன்பாடு ஏற்படவில்லை. இத்துறையில் இருப்பவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கல்லடி வடிவமைப்பாளர்:

ஐயா, நூல்களை வாங்க வேண்டாம். இதை நான் என் சொந்த இழப்பிலிருந்தே சொல்கிறேன். மாணவனாக இருந்தபோது, இணையப் பக்கங்களுக்கு அசைபடங்கள் செய்யும் ஃபிளாஷ் என்ற மென்பொருள் பற்றிய தடித்த நூல் ஒன்றை இரவல் பெற்று, எந்தப் பட்டியில் எந்தக் கருவி இருக்கிறது என்பதை மாதக்கணக்கில் மனப்பாடம் செய்தேன். 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. நான் மனப்பாடம் செய்த எதையும் இன்று திறந்து பார்க்கக்கூட முடியாது. இணையப் பக்கம் அமைக்க உதவிய மைக்ரோசொஃப்ட்டின் ஃப்ரன்ட்பேஜ் 2003ஆம் ஆண்டுப் பதிப்புடன் முடிந்தது. 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 வெளிவந்து, பக்கங்களைத் தொகுக்கும் திரையே முற்றிலும் மாறியபோது, அதற்கு முன் அச்சான வழிகாட்டிகளில் இருந்த கணினித் திரைக்காட்சிப் படங்களில் பாதி, கற்பவரைக் குழப்பும் படங்களாகிவிட்டன.

இதற்கு ஓர் அடிப்படைக் காரணம் உண்டு. முன்பு ஒரு மென்பொருள் பெட்டியில் அடைத்து விற்கப்பட்டது. ஒரு பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் இடையில் ஓராண்டோ இரண்டாண்டோ இடைவெளி இருந்ததால், நூலாசிரியர் அந்தப் பதிப்பைப் பற்றி எழுதி, அச்சிட்டு, விற்கவும் அவகாசம் இருந்தது. 2013இல் அடோபி சந்தா முறைக்கு மாறிய பின்னர், ட்ரீம்வீவர் உட்பட அதன் மென்பொருள்கள் இணையம் வழியாகவே அவ்வப்போது புதுப்பிக்கப்படுகின்றன. உலாவியிலேயே இயங்கும் ஃபிக்மாவில், நேற்று இருந்த பொத்தான் இன்று வேறு இடத்தில் இருக்கலாம். நூல் பற்றிக்கொள்வதற்கு நிலையான பதிப்பு என்ற ஒன்று இப்போது இல்லை.

மருதமுனைத் தறி:

தம்பி சொல்வது மென்பொருளின் பொத்தான்களைப் பொறுத்தவரை சரி. ஆனால் அதிலிருந்து நூலே வேண்டாம் என்ற முடிவுக்கு அவர் வந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் குடும்பம் கைத்தறி நெசவுக் குடும்பம். சாரிகளின் படங்களை இட ஓர் இணையத்தளம் அமைக்க விரும்பி, முதலில் காணொளிகளை மட்டுமே பார்த்துப் பழகினேன். 900 பிக்சல் அகலமான இடத்தில் வரிசைக்கு மூன்று படங்கள் வரவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு படப்பெட்டிக்கும் 300 பிக்சல் அகலம் கொடுத்தேன். மூன்றாவது பெட்டி எப்போதும் கீழ்வரிசைக்கு இறங்கிவிடும். இரண்டு வாரங்கள் வெவ்வேறு காணொளிகளிலிருந்து குறிமுறைத் துண்டுகளைப் பிரதிசெய்து ஒட்டினேன். ஒருவர் ஒரு முறையில் செய்கிறார், இன்னொருவர் அதற்கு முரணான முறையில் செய்கிறார், இரண்டும் என் கோப்பில் மோதிக்கொண்டன.

விடை, கொழும்பில் பழைய புத்தகமாக வாங்கிய, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சீ.எஸ்.எஸ். பற்றிய நூலின் ஓர் அத்தியாயத்தில் இருந்தது. நாம் கொடுக்கும் அகலம் உள்ளடக்கத்துக்கு மட்டுமே உரியது. இடம், வலம் இரு புறமும் தலா 20 பிக்சல் உள்விளிம்பும் 1 பிக்சல் கரையும் வைத்தால் ஒரு பெட்டி உண்மையில் 342 பிக்சல் இடத்தைப் பிடிக்கும். மூன்று பெட்டிகளுக்கு 1,026 பிக்சல் தேவை. எல்லாவற்றையும் அகலத்துக்குள்ளேயே அடக்குமாறு ஒரே ஒரு வரியில் கட்டளையிட்டவுடன் மூன்றும் ஒரே வரிசையில் அமர்ந்தன. இதை ஏன் காணொளியில் தேடவில்லை என்று கேட்பீர்கள். தேடுவதற்கு அந்த விடயத்தின் பெயர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பெயர் தெரியாத ஒன்றைத் தேடுபொறியிடம் கேட்க முடியாது. நூலின் பொருளடக்கமோ இப்படியொரு விடயம் இருக்கிறது என்பதை நாம் கேட்காமலே நமக்குக் காட்டுகிறது.

கல்லடி வடிவமைப்பாளர்:

நானா, உங்களுக்கு உதவியது சீ.எஸ்.எஸ். நூல். வாசகன் ஐயா கேட்டது மென்பொருள்களுக்கான நூல்கள் பற்றி. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருத முடியாது.

சீ.எஸ்.எஸ். நூலாக இருந்தாலும் எனக்கு ஓர் அச்சம் உண்டு: நூலின் எந்தப் பக்கம் உயிரோடிருக்கிறது, எந்தப் பக்கம் காலாவதியாகிவிட்டது என்று தொடக்கநிலையில் இருப்பவரால் பிரித்தறிய முடியாது. அண்மையில் என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பிள்ளை, முழுத் தளத்தையும் அட்டவணைகளுக்குள் அடுக்கி, எழுத்தின் நிறத்தையும் அளவையும் வரிக்கு வரி தனித்தனியாகக் குறித்துக் கொண்டுவந்தார். எவ்வளவு உழைப்பு! பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.இன் 5ஆம் பதிப்பு 2014இல் தரநிலையாக வெளியானபோது, அப்படி எழுத்தின் நிறத்தையும் அளவையும் குறிக்கும் குறியை வழக்கொழிந்ததாகவே அறிவித்துவிட்டது. பிள்ளையிடம் தவறில்லை, பழைய நூல் ஒன்று சொன்னபடியே செய்திருந்தார்.

ஆங்கில நூல்கள் நமக்குச் சொல்லாதவையும் உண்டு. அவை முன்மாதிரியாகக் காட்டும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. ‘கீ’ மேலே எழுகிறது, ‘பூ’ கீழே இறங்குகிறது, அடுத்தடுத்த வரிகள் நெருக்குண்டு வாசிக்கச் சிரமமாகின்றன. தலைப்பை ஆங்கிலத்தின் ‘கப்பிட்டல்’ எழுத்துகளாக மாற்றும் கட்டளைக்குத் தமிழில் வேலையே இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த பத்திகளை அப்படியே ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும்; எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிய பின்னரே இடவேண்டும். நம் ஊர்ச் சங்கங்களின், கோயில்களின் தளங்களை அமைக்கப்போகும் பிள்ளைகளுக்கு இது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். இவற்றை நான் இணையத்தில் பிறர் எழுதிய அனுபவக் குறிப்புகளிலிருந்தே கற்றேன்.

காரைதீவு ஆசிரியை:

நான் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். இவ்வுரையாடலில் ஒரு விடயம் விடுபட்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

காணொளியில் பழகிய மாணவர்களிடம் ஒரு பொதுவான குறையைக் காண்கிறேன். எங்கே சொடுக்குவது என்று அவர்களுக்குத் தெரியும். சொடுக்கியதால் என்ன நிகழ்ந்தது என்று கேட்டால் விளக்கச் சொல் வராது. நூலைப் பார்த்துக் குறிமுறையைத் தட்டச்சு செய்யும் மாணவர் ஓர் அடைப்புக்குறியை விட்டுவிடுவார், பக்கம் குலைந்துவிடும், பிறகு அரைமணி நேரம் வரிவரியாக ஒப்பிட்டுத் தேடுவார். அந்த அரைமணி நேரத்தில்தான் அவர் கற்கிறார் என்பது என் உறுதியான எண்ணம். பிரதிசெய்து ஒட்டுபவருக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை.

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்நாட்களில் என் மாணவர்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நூலைப் படித்துக் கொப்பியில் குறிமுறையை எழுதிவைத்து, மின்சாரம் வந்ததும் கணினியில் பரீட்சித்துப் பார்த்தார்கள். விபுலாநந்த அடிகள் கலைச்சொல்லாக்கத்துக்காக உழைத்தவர். அவர் பிறந்த ஊரில் இருந்துகொண்டு, கருவியின் பெயரைத் தமிழில் சொல்லத் தெரியாத பிள்ளைகளை உருவாக்க எனக்கு மனம் வரவில்லை. தமிழில் எழுதப்பட்ட நல்லதொரு நூல் கிடைத்தால் அதையே முதலில் வாங்குங்கள்.

கல்லடி வடிவமைப்பாளர்:

அக்கா, மின்வெட்டுப் பற்றிய உங்கள் வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் இணைப்பு இல்லாத நேரத்துக்கு அச்சு நூல் மட்டும்தான் வழி என்பதில்லை. டெவ்டாக்ஸ் என்ற இலவசத் தளம் எச்.டி.எம்.எல்., சீ.எஸ்.எஸ். ஆவணங்களை ஒருமுறை தரவிறக்கிவிட்டால் பின்னர் இணையம் இல்லாமலே காட்டும். எழுத்தும் குறிமுறையும் மட்டுமே என்பதால் காணொளியைப் போல டேட்டாவை விழுங்காது. வாசகன் ஐயா இதை இரண்டு கணினிகளிலும் ஒரே மாலையில் செய்துவிடலாம், செலவும் இல்லை.

மருதமுனைத் தறி:

அந்த ஆவணங்களை நானும் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். அவை அகராதி போன்றவை, தம்பி. அகராதியை முதற்பக்கத்திலிருந்து படித்து யாரும் ஒரு மொழியைப் பழகியதில்லை. எட்டுப் பிள்ளைகளும் முதலில் எதை, அடுத்து எதைக் கற்பது என்ற வரிசையை அவை தராது. அந்த வரிசைக்காகத்தான் நூல் வேண்டும் என்கிறேன்.

கல்லடி வடிவமைப்பாளர்:

அந்த வரிசையை ஒரு ஆசிரியர் தரலாம். சனிக்கிழமைகளில் கொக்கட்டிச்சோலைக்கு வர நானே ஆயத்தம். இருந்தும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள். கடையிலேயே பின்பக்கச் சொல்லடைவைத் திறந்து, பக்கத்தில் பெட்டிகளை அடுக்கும் சீ.எஸ்.எஸ். முறைகளான ‘கிரிட்’, ‘ஃபிளெக்ஸ்பொக்ஸ்’ ஆகிய இரண்டு சொற்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிரிட் முறை முதன்மை உலாவிகளுக்கு வந்தது 2017 மார்ச்சில். அதற்கு ஒரு முழு அத்தியாயம் இல்லாத நூல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

படுவான்கரை வாசகன்:

எல்லோருக்கும் நன்றி. மென்பொருள் நூல்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். எச்.டி.எம்.எல்., சீ.எஸ்.எஸ். பற்றித் தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக இரண்டு நூல்கள் வாங்குவதென்றும், அவற்றை இரவல் கொடுக்காமல் கணினிகளுக்கு அருகிலேயே உசாத்துணைப் பகுதியில் வைப்பதென்றும் தீர்மானித்திருக்கிறோம். மிகுதிப் பணம் டேட்டாவுக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை மட்டக்களப்பு நகருக்குப் போய்ச் சொல்லடைவைப் பார்க்கிறேன். தம்பி, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளை வரச் சொல்லட்டுமா?

கல்லடி வடிவமைப்பாளர்:

சொல்லுங்கள் ஐயா. நூல் விடயத்தில் என் கருத்து மாறவில்லை, ஆனால் வருவேன். பாமினியில் தட்டச்சு செய்த பழைய கோப்பு ஏதாவது வாசிகசாலையில் இருந்தால் எடுத்து வையுங்கள்; அதை ஒருங்குறிக்கு மாற்றுவதிலிருந்தே தொடங்கலாம்.