தருமபுரி மைல்கல்லில் உள்ள குழிகள் எதைக் குறிக்கின்றன?

வினா:
தருமபுரி அகழ்வைப்பகத்தில் உள்ள பழைய மைல்கல் ஒன்றில், அதியமான் பெருவழியில் நாவற்தாவளத்துக்கு 29 காதம் (பழைய தொலைவு அளவு) என்று பொறித்திருப்பதுடன், சில குழிகளும் வெட்டப்பட்டுள்ளன. அவற்றின் பொருளை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஐயா, எழுத்தறியாத வழிப்போக்கரும் தொலைவை அறிந்துகொள்வதற்காக, பத்துக்குப் பெரிய குழியும் ஒன்றுக்குச் சிறிய குழியுமாக வெட்டியிருக்கிறார்கள். இரண்டு பெரியவற்றையும் ஒன்பது சிறியவற்றையும் இருட்டில்கூட விரலால் தடவி எண்ணிவிடலாம் என்பதே எனக்கு வியப்பு. தாவளம் என்பது வணிகர்கள் தங்கிச் செல்லும் இடம்.

மறுமொழி 2:
கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் பாறையில் உள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டையும் தவறாமல் பாருங்கள். அது தமிழ் எழுத்திலும், பழைய எழுத்து முறையான வட்டெழுத்திலும் வெட்டப்பட்டது.

வினவியவர்:
மிக்க நன்றி. பேறுகாலத்தில் இறந்த பெண்களின் நினைவாக நடப்படும் சுமைதாங்கிக் கல் ஒன்று எங்கள் ஊர்ச் சாலையோரத்திலும் நிற்கிறது. ஆண்டுதோறும் பூசிய சுண்ணாம்பு அதன் எழுத்துகளை அடைத்துவிட்டது.