சென்னை பேஸா, டெல்லி பேஸா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் உறவுகளே. காரைக்குடியிலிருந்து எழுதுறேன். தம்பி விமானத்துல ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. எந்த ஊர் பேஸ் (டூட்டி ஆரம்பிக்கிற ஊர்) வேணும்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுக்கணுமாம். சீனியாரிட்டி பார்த்துத்தான் கிடைக்கும், ஆனாலும் விருப்பத்தைச் சொல்லியாகணும்.

அவனுக்கு டெல்லி மேல ஆசை. அங்கேதான் பெரிய விமானம், தூரதேசப் பயணம். அப்பத்தா சென்னைன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாக. விடியக்காலை பல்லவன் ஏறினா மத்தியானம் பேரன் வீட்டுல சாப்பாடாம்!

எனக்குக் கவலை ஸ்டாண்ட்பை, அதாவது எப்பக் கூப்பிட்டாலும் பறக்கத் தயாரா இருக்க வேண்டிய டூட்டி. போன மாசம் கல்யாணப் பந்தியில இலைக்குப் பக்கத்துலயே போனை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். லீவு நாள்தான், ஆனா மறுநாள் காலையில ஸ்டாண்ட்பை. கூப்பிட்டா குறிச்ச நேரத்துக்குள்ள பேஸ்ல நிக்கணும், காரைக்குடியில இருந்துக்கிட்டு அது நடக்காது. அதனால பாயசம் வர்றதுக்குள்ள எந்திரிச்சு, மதுரை ஏர்போர்ட்டுக்கு ரெண்டு மணி நேரம் கார்ல ஓடினான். ஸ்டாஃப் டிக்கெட், சீட் காலியா இருந்தாத்தான் ஏத்துவாங்க. அன்னைக்கு ஏத்தல. (நம்ம செட்டிநாட்டுல ரெண்டாம் உலகப்போர் காலத்து ஓடுபாதை சும்மாக் கிடக்கு, அதை என்னத்தச் சொல்ல.)

டெல்லின்னா மார்கழி, தைப் பனிமூட்டம் வேற. சென்னையும் லேசில்லை, 2015 வெள்ளத்துல விமான நிலையத்தையே நாள்கணக்கா மூடிட்டாங்க.

விமானி வீட்டுக்காரவுக யாராச்சும் இருக்கீகளா? டெல்லியில ரூம் எடுத்துக்கிட்டு, குடும்பத்தை இங்க வச்சுச் சமாளிக்க முடியுதா? பேஸை அப்புறம் மாத்திக்கிறது எவ்வளவு கஷ்டம்? வியாழனுக்குள்ள சொன்னா உதவியா இருக்கும்.