குரோமிஸ் செத்துவிட்டது, க்ளவுன் மூச்சு வாங்குகிறது

குழு: பெரம்பூர் குடும்பம்

காலை 6:14

கார்த்தி: எழுந்து பார்த்தால் கடல் மீன் தொட்டியில் ஒரு குரோமிஸ் மீன் செத்துக் கிடக்கிறது. பெரிய க்ளவுன் மீன் வேகவேகமாக மூச்சு வாங்குகிறது. நேற்று மாலை எல்லாமே நன்றாகச் சாப்பிட்டன. முருகேசன் மாமா, பார்த்ததும் சொல்லுங்கள். கடையில் கொடுத்த வெள்ளைப்புள்ளி நோய் மருந்து வீட்டில் இருக்கிறது, ஊற்றவா?

முருகேசன் மாமா: ஊற்றாதே. மூடியைக்கூடத் திறக்காதே. காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் இருந்தால் உடனே போடு. அப்புறம் நான் கேட்பதற்குப் பதில் சொல்.

முருகேசன் மாமா: மீன்கள் மட்டும்தான் தவிக்கின்றனவா? இறால், நத்தை எல்லாம் எப்படி இருக்கின்றன?

கார்த்தி: க்ளீனர் இறால் வழக்கம்போல கல்மேல் நிற்கிறது. நத்தைகள் கண்ணாடியில் ஊர்கின்றன. அனிமோன் விரிந்துதான் இருக்கிறது.

அப்பா: நேற்று ராத்திரி கரண்ட் போய் வந்தது. அதனால் இருக்குமோ?

செல்வி சித்தி: எங்கள் தெருவில் நேற்று கொசுப்புகை அடித்தார்கள். உங்கள் பக்கமும் வந்ததா?

கார்த்தி: வந்தது சித்தி. ஜன்னலை மூடிவிட்டோம்.

முருகேசன் மாமா: செல்வி, நல்ல கேள்வி. கொசுமருந்தில் இருக்கும் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி மீனுக்கும் ஆகாது, இறாலுக்கு இன்னும் மோசம். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது அல்லவா? அந்த வழியாக நஞ்சு போயிருந்தால் இறால் முதலில் துள்ளி விழுந்திருக்கும். அது தெம்பாக நிற்கிறது என்றால் புகை காரணம் இல்லை.

முருகேசன் மாமா: மாப்பிள்ளை சொன்ன கரண்ட் விஷயத்தையும் தள்ள முடியாது. உப்புத் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும், சூடு ஏற ஏற இன்னும் குறையும். பம்ப் நின்றால் மூச்சு முட்டும். ஆனால் காற்று கிடைத்ததும் மீன் தெளிந்துவிடும். அரை மணி நேரம் பார்ப்போம். அதற்குள் தண்ணீரைச் சோதித்துவிடு.

காலை 6:52

கார்த்தி: அமோனியா 0, நைட்ரைட் 0. உப்பளவு 1.025, ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தேன். சூடு 27 டிகிரி, பிஎச் 8.2. ஏர் ஸ்டோன் போட்டும் க்ளவுன் அப்படியேதான் இருக்கிறது. தண்ணீரை ஓடவைக்கும் வேவ்மேக்கர் முன்னால் போய், ஓட்டத்துக்கு முகம் கொடுத்து நிற்கிறது.

முருகேசன் மாமா: அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தண்ணீரில் குறை இல்லை, காற்றும் இருக்கிறது, இருந்தும் செவுளுக்குள் தண்ணீர் அடிக்கும் இடமாகப் பார்த்து நிற்கிறது என்றால் செவுளில் ஏதோ ஒட்டியிருக்கிறது.

முருகேசன் மாமா: அறை விளக்கையும் தொட்டி விளக்கையும் அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடி. உடம்பில் உப்புக்கல் போலத் தனித்தனிப் புள்ளியா, சலித்த மாவு தூவியது போலவா, இல்லை தோல் கொழகொழவென்று உரிகிறதா?

பெரியம்மா: கார்த்திக் கண்ணா, கொஞ்சம் மஞ்சள் தூளும் கல்லுப்பும் போட்டுப் பாரேன். நம் பழைய தொட்டியில் கோல்ட்ஃபிஷுக்கு அப்படித்தானே செய்வோம், பிழைத்துக்கொள்ளும்.

முருகேசன் மாமா: அக்கா, நன்னீர் மீனுக்குக் கல்லுப்பு நல்ல மருந்துதான். இது கடல் மீன், உப்பிலேயே வாழ்கிறது, இதன் ஒட்டுண்ணியும் உப்பிலேயே பிறந்தது. மஞ்சளும் வேண்டாம், அனிமோன் தாங்காது.

கார்த்தி: மாவு மாதிரிதான் மாமா. நேராகப் பார்த்தால் தெரியவில்லை, பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்தால் முதுகில் மங்கலாகப் பொன்னிறத் தூசி தெரிகிறது. தோல் உரியவில்லை.

முருகேசன் மாமா: செத்த குரோமிஸ் உடம்பில் சிவந்த புண் இருக்கிறதா?

கார்த்தி: இல்லை.

முருகேசன் மாமா: அப்படியானால் யூரோனிமா என்ற ஒட்டுண்ணியாக இருக்குமோ என்ற எண்ணத்தைத் தள்ளி வைக்கலாம். குரோமிஸைச் சிவந்த புண்ணோடு கொல்வது அதுதான். க்ளவுனுக்குப் பெரும்பாலும் வரும் ப்ரூக்ளினெல்லா ஒட்டுண்ணி நோயில் தோல் சளியாக உரியும். அதற்கு ஃபார்மலின் வேண்டும், காப்பர் (செம்பு) மருந்துக்கு அது சரியாக மசியாது. வெள்ளைப்புள்ளி என்றால் புள்ளி தெளிவாக, எண்ணக்கூடிய மாதிரி இருக்கும், ஒரே இரவில் கொல்வதும் அபூர்வம். எனக்கு, மாவு தூவியது போலத் தெரியும் வெல்வெட் நோய் என்றுதான் படுகிறது. ஆனால் கண்ணை மட்டும் நம்பி மருந்து போட எனக்கு மனம் வரவில்லை.

நிவேதா: அண்ணா, அந்தக் குரோமிஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தொட்டித் தண்ணீரோடு பையில் கட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்தால் செல் எல்லாம் உடைந்துவிடும். நான் வண்டியில் வந்து வாங்கிக்கொள்கிறேன். எங்கள் ஆய்வகம் எட்டு மணிக்குத் திறந்துவிடும்.

செல்வி சித்தி: சாப்பிட்டுவிட்டுப் போடி.

நிவேதா: நேரமானால் ஒன்றும் தெரியாது அம்மா. மீன் செத்ததும் ஒட்டுண்ணி விட்டுவிட்டுப் போய்விடும்.

காலை 8:37

நிவேதா: படம்

நிவேதா: செவுள் இதழில் ஒரு துண்டு வெட்டி, தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். 100 மடங்கு. பழுப்பாக, உருண்டையாக, பேரிக்காய் வடிவில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றுகூட நகரவில்லை.

முருகேசன் மாமா: நன்றாகப் பார்த்தாயா அம்மா? மெதுவாகச் சுழல்வது எதுவும் இல்லையா?

நிவேதா: இல்லை மாமா. மூன்று துண்டு மாற்றி மாற்றிப் பார்த்தேன். சுழலவும் இல்லை, நீந்தவும் இல்லை.

முருகேசன் மாமா: சுழன்றால் வெள்ளைப்புள்ளி நோயின் ஒட்டுண்ணியான கிரிப்டோகேரியான். நீந்தி ஓடினால் ப்ரூக்ளினெல்லா. அசையாமல் வேர் விட்டது போல ஒட்டியிருப்பது அமிலூடினியம், வெல்வெட்டேதான். நிவேதா, பெரிய உதவி செய்தாய்.

அப்பா: புது மீன் எதுவும் வாங்கவில்லையே, எங்கிருந்து வந்தது?

கார்த்தி: போன வாரம் நண்பர் அவர் தொட்டியிலிருந்து கடல்பாசி ஒரு கொத்து கொடுத்தார். அதுதான் புதிது.

முருகேசன் மாமா: அது போதும். இந்த ஒட்டுண்ணி மீனை விட்டு விழுந்ததும் கல்லிலோ மணலிலோ பாசியிலோ உறை கட்டிக்கொள்ளும். ஒரு உறைக்குள் 256 வரை பிரிந்து, நீந்திப் போய் அடுத்த மீனைத் தேடும். அதனால்தான் நேற்று மாலை நன்றாக இருந்தது இன்று காலை செத்துக் கிடக்கிறது.

முருகேசன் மாமா: இனி ஒரு நிமிடமும் வீணாக்காதே. கலந்து வைத்த உப்புத் தண்ணீர் இருக்கிறதா?

கார்த்தி: 60 லிட்டர் டிரம்மில் இருக்கிறது.

முருகேசன் மாமா: அதைத் தனித் தொட்டியில் ஊற்று. மீன்களை அதற்கு மாற்றித்தான் காப்பர் மருந்து கொடுக்கப் போகிறோம். சூடும் உப்பளவும் பெரிய தொட்டிக்குச் சமமாக இருக்கட்டும். கல், மணல் எதுவும் வேண்டாம், காப்பரை உறிஞ்சிவிடும். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய் எல்போ இரண்டு போடு. தொட்டியை அடுத்த அறையில் வை. தெறிக்கும் நுண்திவலையிலேயே இது பத்தடி வரை பரவும். வலையும் வாளியும் தனித்தனி.

கார்த்தி: காப்பர் எவ்வளவு போடுவது?

முருகேசன் மாமா: பாட்டில் லேபிளைப் படம் எடுத்து அனுப்பு. கீலேட் செய்த, அதாவது வேறொரு பொருளோடு பிணைத்த காப்பர் என்றால் 2.0 முதல் 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு). அப்படிப் பிணைக்காத அயனிக் காப்பர் என்றால் 0.2 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது. இரண்டையும் குழப்பினால் நோயை முந்திக்கொண்டு மருந்தே கொன்றுவிடும்.

கார்த்தி: படம்

முருகேசன் மாமா: கீலேட் வகைதான். முதலில் 1.0 வரை போட்டு டெஸ்ட் கிட்டில் பார். நாளை காலைக்குள் 2.0-க்கு ஏற்று. அமோனியா ஏறினால் தண்ணீரை மாற்று, எடுத்த அளவுக்குக் காப்பரும் சேர். அமோனியா நீக்கும் திரவத்தை மட்டும் காப்பரோடு சேர்க்காதே.

பெரியம்மா: பெரிய தொட்டியிலேயே மருந்து விட்டால் இவ்வளவு வேலை இல்லையே தம்பி?

முருகேசன் மாமா: காப்பர் பட்டால் இறால், நத்தை, அனிமோன் எல்லாம் போய்விடும் அக்கா. அவற்றை வெல்வெட் தொடாது. அவை அங்கேயே இருக்கட்டும். மீன் இல்லாத தொட்டியில் ஒட்டுண்ணி பசியில் சாகும்.

அப்பா: எவ்வளவு நாள் காலியாக வைக்க வேண்டும்?

முருகேசன் மாமா: வெல்வெட்டுக்கு ஆறு வாரம். கூடவே வெள்ளைப்புள்ளியும் வந்திருந்தால் 76 நாள். நான் 76 என்றே வைத்துக்கொள்ளச் சொல்வேன். மறுபடி இந்தக் காலையைப் பார்க்க வேண்டாம்.

காலை 10:20

கார்த்தி: இரண்டு க்ளவுனும் மற்ற குரோமிஸ்களும் தனித் தொட்டிக்குப் போய்விட்டன. காப்பர் 1.0 காட்டுகிறது. பெரிய க்ளவுன் இன்னும் திணறுகிறது, ஆனால் நேராக நிற்கிறது.

நிவேதா: மூச்சை நிமிடக் கணக்கில் எண்ணி வையுங்கள் அண்ணா. மதியம் மறுபடி எண்ணினால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

கார்த்தி: மாமா, கோபி மீன் மட்டும் பெரிய தொட்டியில் இருக்கிறது. அதற்கு ஒரு தூசியும் இல்லை, சுறுசுறுப்பாகச் சாப்பிடுகிறது. விட்டுவிடலாமா?

முருகேசன் மாமா: கூடாது. ஒரு மீன் உள்ளே இருந்தாலும் 76 நாளும் வீண். செவுளில் எத்தனை ஒட்டியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

கார்த்தி: பெரிய கல்லுக்கு அடியில் புகுந்துவிட்டது.

முருகேசன் மாமா: தண்ணீரைப் பாதி இறக்கு, அப்பாவைக் கல்லைப் பிடிக்கச் சொல். மெதுவாகத் தூக்குங்கள், அனிமோன் நசுங்காமல்.

அப்பா: வந்துவிட்டேன்.