கடற்கரையை ஒட்டிய வீட்டுக்கு எப்படிப்பட்ட கேஸ் கிரில் வாங்குவது?

கேள்வி: குருசுக்குப்பம் வாசி

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரி குருசுக்குப்பத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. பின்பக்கம் இரண்டு தென்னை, ஒரு கிணறு, அதையொட்டிச் சிமென்ட் தளம் போட்ட சிறிய கொல்லை. அங்கே வைத்துப் பயன்படுத்த ஒரு கேஸ் கிரில் வாங்க எண்ணியிருக்கிறோம். இதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல் அடுக்கிக் கரி மூட்டித்தான் மீனும் கோழியும் சுட்டு வந்தோம். கரி கனன்று வரும்வரை பிள்ளைகள் பசியோடு காத்திருப்பதும், பக்கத்து வீட்டு மாடியில் காயும் துணிகளில் புகை ஏறுவதும் இனி வேண்டாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

கடைகளிலும் இணையத்திலும் பார்த்தவரையில் குழப்பம்தான் மிஞ்சியது. இரண்டு பர்னர், மூன்று பர்னர், நான்கு பர்னர், பக்கவாட்டில் தனி அடுப்பு, சக்கரம் வைத்த அலமாரி என்று ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று கூடுதலாக இருக்கிறது. விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்கிறார்கள். எங்கள் தெருவில் ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் படும் பாட்டைப் பார்த்தவர்கள் அதை அப்படியே நம்பிவிட மாட்டார்கள்.

இதற்கிடையில், பிரான்சில் இருக்கும் என் மைத்துனர், ஊருக்கு அனுப்பும் சாமான்களோடு அங்கேயே ஒரு கிரில் வாங்கி அனுப்பிவிடுவதாகச் சொல்கிறார். அது நம் சிலிண்டரில் எரியுமா? வீட்டில் நாங்கள் ஆறு பேர். உறவினர் வந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு ஆவோம். பெரும்பாலும் மீன், இறால், கோழி, சில நாள் காளானும் பனீரும். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: முதுநகர் பட்டறை

நான் கடலூர் முதுநகரில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருப்பவன். எரிவாயுவைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும், உலோகத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். உங்கள் இடத்தில் கிரிலின் ஆயுளைத் தீர்மானிப்பது பர்னரின் எண்ணிக்கை அன்று, எந்தத் தகட்டில் அதைச் செய்திருக்கிறார்கள் என்பதே.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்ற பெயரில் கடைக்கு வருவது ஒரே உலோகம் அல்ல. 304 கிரேடில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 430 கிரேடில் குரோமியம் கிட்டத்தட்ட அதே அளவு இருந்தாலும் நிக்கல் இல்லை என்றே சொல்லலாம். உப்புக்காற்றில் அது சீக்கிரமே பழுப்புப் புள்ளி வைத்துவிடும். 201, 202 என்பவை விலையைக் குறைப்பதற்காக நிக்கலின் பெரும்பகுதிக்குப் பதிலாக மாங்கனீசு சேர்த்தவை. மாடிப்படிக் கைப்பிடிகளில் பெரும்பாலும் இதைத்தான் போடுகிறார்கள், வெல்டிங் வைத்த இடங்களில் அவை எப்படிக் கறுத்துப் போகின்றன என்பதைத் தேவனாம்பட்டினம் பக்கம் எந்த வீட்டிலும் பார்க்கலாம். 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 தான் கடலோரத்துக்கு மிகப் பொருத்தமானது, ஆனால் அதில் செய்த கிரில் நம் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது அரிது. ஆகவே 304 என்று எழுத்தில் உறுதி தரும் கிரிலைத் தேடுங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். மூடியிலும் பக்கத் தகட்டிலும் வைத்துப் பார்த்தால், 430 ஆக இருந்தால் பளிச்சென்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லை என்பதற்காக 304 தான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது, ஏனென்றால் 201, 202 வகைகளும் ஒட்டாது. அதோடு, 304 தகடுகூட வளைத்த விளிம்பில் இலேசாகக் காந்தத்தை இழுக்கும். காந்தம் மட்டமானதை ஒதுக்க உதவுமே தவிர, நல்லதற்குச் சான்று தராது. மூடி எதனால் செய்யப்பட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் பர்னர் குழாயும் அதன் மேல் கவிழ்ந்திருக்கும் சூட்டுத் தகடும் எந்த கிரேடு, எவ்வளவு கனம் என்று கட்டாயம் கேளுங்கள்; நெருப்பும் கொழுப்பும் மசாலாவின் உப்பும் ஒன்றாகப் படுவதால் முதலில் ஓட்டையாவது அவைதான். திருகாணிகளையும் பாருங்கள். நல்ல தகட்டில் மட்டமான திருகாணி போட்டு விற்பது பரவலாக இருக்கிறது, அது துருப்பிடித்து இறுகிவிட்டால் பிறகு எந்தப் பாகத்தையும் கழற்ற முடியாது.

வார்த்த அலுமினியத்தில் உடலும் மூடியும் செய்த கிரில்களும் உண்டு. வெபர் நிறுவனத்தின் கியூ வரிசை அப்படிப்பட்டது. அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடித்து உதிராது என்பதால், தோற்றத்தைப் பெரிதாக எண்ணாதவர்களுக்குக் கடற்கரை வீட்டில் அது நல்ல தேர்வு. எனாமல் பூசிய இரும்பு மூடியானால், ஓர் இடத்தில் எனாமல் சில்லு பெயர்ந்தாலும் அங்கிருந்து துரு உள்ளுக்குள் பரவும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பதில்: சவுக்குக்கரி பிரியர்

கேட்ட கேள்விக்கு நேர்ப்பதில் இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். சுட்ட மீனின் மணம் கரியில்தான் இருக்கிறது. உங்கள் புகைத் தொல்லைக்குக் காரணம், மூடி இல்லாத செங்கல் அடுப்பு. 1952 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் உலோக மிதவையொன்றை இரண்டாக வெட்டி, மேற்பாதியை மூடியாக்கிச் செய்ததுதான் இன்று உலகெங்கும் இருக்கும், கரியில் எரியும் உருண்டை வடிவக் கெட்டில் கிரிலின் தொடக்கம். காற்றுத்துளையைத் திருகி அனலைக் கட்டுப்படுத்தலாம்; சவுக்குக்கரியும் கொட்டாங்கச்சிக் கரியும் நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கின்றன; கேஸ் கிரிலுக்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான் ஆகும். யோசித்துப் பாருங்கள்.

பதில்: நெல்லித்தோப்பு அடுப்பு சர்வீஸ்

மேலே நண்பர் மூடியைப் பற்றிச் சொன்னது சரி. மணத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மீனிலிருந்தும் கோழியிலிருந்தும் சொட்டும் கொழுப்பும் சாறும் சூடான தகட்டில் பட்டு ஆவியாகி மேலே எழும் புகைதான் அந்த மணத்தில் பெரும்பகுதி. அது கேஸ் கிரிலிலும் கிடைக்கும். புகை கூடுதலாக வேண்டுமென்று சிலர் பண்ருட்டிப் பக்கமிருந்து முந்திரிக்கொட்டை ஓட்டைக் கொண்டுவந்து போடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். அந்த ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொத்துப்போக வைப்பது, அதன் புகை கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது.

இனி, மைத்துனர் அனுப்பும் கிரிலுக்கு வருகிறேன். நம் வீட்டு ரெகுலேட்டர் ஏறத்தாழ 30 மில்லிபார் அழுத்தத்தில் வாயுவை விடுகிறது. பிரான்சில் பியூட்டேன் சிலிண்டருக்கு 28, புரொப்பேன் சிலிண்டருக்கு 37 மில்லிபார் என்று இரண்டு விதமான ரெகுலேட்டர் உண்டு. நம் சிலிண்டரில் இரண்டு வாயுவும் கலந்தே இருக்கின்றன. எனவே, கிரிலின் பின்புறமோ அலமாரிக் கதவின் உட்புறமோ ஒட்டியிருக்கும் விவரத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் 28-30/37 என்று அச்சிட்டிருந்தால், பர்னருக்குள் வாயுவை விடும் சிறு துளையுள்ள முனையான ஜெட்டை மாற்றாமலேயே இங்கே சரியாக எரியும். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவுக்குச் செய்த கிரிலாக இருந்தால் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதன் ஜெட் துளை பெரியது, அதில் சிலிண்டர் கேஸை விட்டால் தீ மஞ்சளாக ஓங்கி எழுந்து எல்லாவற்றையும் கரியாக்கிவிடும். துளையைத் தட்டிச் சிறிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்கிருந்து வரும் ரெகுலேட்டர் நம் சிலிண்டர் வால்வில் உட்காராது, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நம் ஊர் ரெகுலேட்டரையே போட வேண்டும், டியூப் சேரும் முனையை மட்டும் நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். கேட்டரிங் அடுப்புக்குப் போடும் ஹை பிரஷர் ரெகுலேட்டரை எந்தக் காரணத்தைக் கொண்டும் கிரிலில் மாட்டக் கூடாது.

டியூப், உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபாக இருக்கட்டும். வீட்டுக்குள் இருக்கும்போதே 5 ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கிறார்கள். வெயிலில் கிடக்கும் டியூபுக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம், மடக்கிப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள். 14.2 கிலோ சிலிண்டரைப் பல கிரில்களின் அலமாரிக்குள் வைக்க முடியாது, வெளியே பக்கவாட்டில் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டியிருக்கும். கொல்லையில் கிணறு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். ஆகவே கிணறு, சம்ப், சாக்கடைத் திறப்பு ஆகியவற்றிலிருந்து தள்ளியே சிலிண்டரை வையுங்கள். புதிதாக மாட்டும் ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். கசிவு என்று சந்தேகம் வந்தால் 1906 என்ற அவசர எண் இருக்கிறது.

குருசுக்குப்பம் வாசி

மிக்க நன்றி. விவரத் தகட்டின் படத்தைக் கேட்டிருக்கிறேன். கரி பிரியருக்கும் நன்றி. செங்கல் அடுப்பை இடிக்கப் போவதில்லை, பொங்கல் விடுமுறைக்கு அது இருக்கட்டும். பர்னர் எத்தனை போதும், கொல்லையில் எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும் என்பது மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. கிணற்றடியில் கீற்றுக் கொட்டகை ஒன்று இருக்கிறது, மழைக்கு அதன் கீழே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: மஞ்சக்குப்பம் சமையல்

கீற்றின் கீழே வைத்து எரிக்கவே கூடாது, சகோதரரே. கொழுப்பு சொட்டித் தீ குபீரென்று எழும்பும் நேரத்தில் மேலே காய்ந்த ஓலை இருந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. எரித்து முடித்து, நன்றாக ஆறிய பிறகு, சிலிண்டரைக் கழற்றிவிட்டு நிறுத்தி வைப்பதற்கு மட்டும் கொட்டகையைப் பயன்படுத்துங்கள். வைக்கும் திசைக்கும் ஒரு கணக்கு உண்டு. மூடியின் பின்புறத்தில்தான் சூடு வெளியேறும் இடைவெளி இருக்கும். பிற்பகலில் வீசும் கடற்காற்று அதற்குள் புகுந்தால் அனல் முன்பக்கம் திரும்பித் திருகுக் குமிழ்களைச் சுட்டுவிடும். அதனால் கடற்காற்று சமைப்பவர் முதுகில் படும்படி கிரிலை நிறுத்துங்கள்.

ஆறு பேருக்கு மூன்று பர்னர் போதும். மூன்று இருந்தால் இரு ஓரங்களை மட்டும் எரியவிட்டு, நடுவில் முழுக்கோழியை வைத்து மூடிவிடலாம். நேரடித் தீ படாமல் உள்வரை வேகும். மூடியில் இருக்கும் வெப்பமானி உள்ளிருக்கும் காற்றின் சூட்டைத்தான் காட்டும் என்பதால், கறியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்; கோழியின் தொடைப்பகுதி உள்ளே 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். மொத்தச் சக்தி 10 கிலோவாட் உள்ள கிரில் முழுத் தீயில் மணிக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ எரிவாயுவைக் குடிக்கும். நான்கு, ஐந்து பர்னர் வாங்கினால் அந்த அளவு கூடுமே தவிர, நம் வீட்டுச் சமையலுக்குப் பெரிய பயன் இல்லை. பக்கவாட்டு அடுப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள், காற்றில் அது நின்று எரிவதே இல்லை.

மேல் கம்பித் தட்டு வார்ப்பிரும்பாக இருந்தால் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும், வஞ்சிரம் துண்டில் அழகான கோடு விழும். ஆனால் எலுமிச்சையும் புளியும் சேர்ந்த மசாலா அதில் ஏறிய எண்ணெய்ப் படலத்தை அரித்துவிடுவதால், ஒவ்வொரு முறையும் சுரண்டிச் சுத்தம் செய்து சூட்டோடு எண்ணெய் தடவாவிட்டால் இரண்டே நாளில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் பென்சில் பருமனுள்ள ஸ்டெயின்லெஸ் கம்பித் தட்டை வாங்குவதே மேல். சங்கராவை முழுதாகச் சுடும்போது தட்டு நன்றாகக் காய்ந்த பிறகு, எண்ணெயைத் தட்டில் ஊற்றாமல் மீன்மேல் தடவி வைத்தால் தோல் ஒட்டாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பல வாரம் கிரிலைத் தொடாமல் விட்டிருப்போம். அந்த நேரத்தில் பர்னர் குழாயின் வாயில், ஜெட் சேரும் இடத்தில், மண்குளவி கூடு கட்டிவிடும். சிலந்தியும் வலை பின்னும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பற்றவைத்ததும் தீ பர்னரில் பிடிக்காமல் குமிழ்ப்பலகைக்குப் பின்னால் எரியத் தொடங்கும், அது மிகவும் ஆபத்து. மழைக்காலம் முடிந்து முதல்முறை எரிக்குமுன் குழாய்களைக் கழற்றி, பாட்டில் கழுவும் நீளமான பிரஷை உள்ளே விட்டுத் துடைத்துவிடுங்கள். எளிதில் கழற்றக்கூடிய பர்னராக இருக்கிறதா என்பதையும் வாங்கும்போதே கழற்றிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

முதுநகர் பட்டறை

சகோதரி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்தால் துரு வராது என்று நினைக்கிறார்கள். உப்பும் ஈரமும் உள்ளே அடைபட்டால் துரு கூடத்தான் செய்யும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, உலர்ந்த பிறகே மூடுங்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். இரும்பு நாரும் பிளீச்சிங் பவுடரும் கிரிலின் பக்கமே வரக் கூடாது.

மைத்துனர் அனுப்புவதா, இங்கே வாங்குவதா என்ற கேள்வியில், உதிரிபாகம் இங்கே கிடைக்குமா என்பதை வைத்தே நான் முடிவெடுப்பேன். இங்கே விற்பவர் பர்னரும் சூட்டுத் தகடும் தனியாகத் தருவதாக எழுதிக் கொடுத்தால் இங்கேயே வாங்குங்கள். விவரத் தகடு சரியாக இருந்து அங்கிருந்துதான் வருகிறதென்றால், அதே சாமான்களோடு ஒரு செட் பர்னர், சூட்டுத் தகடு, பற்றவைக்கும் இக்னைட்டர் மூன்றையும் கூடுதலாக வாங்கி வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.