லூப் வேறு, மெஷ் வேறு: இரண்டுக்கும் ‘வளையம்’ போதுமா?

அன்புடையீர், வணக்கம்.

நேர்த்திசை மின்சுற்றுப் பகுப்பாய்வுப் பாடத்தின் தமிழ் வரைவில் லூப் (மின்சுற்றில் எந்த மூடிய பாதையும்), மெஷ் (உள்ளே வேறு பாதை அடங்காத மூடிய பாதை) இரண்டுக்குமே ‘வளையம்’ என்று போட்டிருக்கிறது. இதனால் கணக்கே உதைக்கிறது.

பாடத்தின் முதல் சுற்றையே எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் 12 வோல்ட் மின்கலம், 2 ஓம் தடை. நடுவில் 4 ஓம். வலப்பக்கம் 4 ஓம் தடை, 4 வோல்ட் மின்கலம். இரு மின்கலங்களுக்கும் நேர்முனை மேலே. படம் இரட்டைக் கதவுச் சன்னல் போல இருக்கும். மூடிய பாதைகள் மூன்று: இடக்கதவு, வலக்கதவு, வெளிச்சட்டம். ‘ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு சமன்பாடு எழுதுக’ என்றால் மாணவர் மூன்று எழுதுவார். மூன்றாவது, முதல் இரண்டையும் கூட்டினால் வருவதுதான்; தீர்க்கப்போனால் 0 = 0 என்று வந்து நிற்கும். உள்ளே வேறு பாதை அடங்காத இரண்டே போதும். அந்த இரண்டுக்குத்தான் சொல் வேண்டும்.

---

> சொல் வேண்டும்

‘கண்ணி’ போதாதா? சின்னச் சொல், வாயிலும் நிற்கும்.

---

> கண்ணி

சங்கிலியிலும் கண்ணி உண்டு, பறவை பிடிக்கவும் கண்ணி உண்டு. இரண்டும் தனித்தனி வளையங்கள்; பக்கத்துக் கண்ணியோடு ஒரே சுவரைப் பகிர்வது அந்தச் சொல்லில் இல்லை. ஒவ்வொரு மெஷ்ஷுக்கும் ஒரு மின்னோட்டம் கொண்டு சமன்பாடு எழுதும் மெஷ் முறையின் உயிரே, பக்கத்து மெஷ்கள் பகிரும் அந்தப் பொதுக் கிளையில்தான் இருக்கிறது. மீன்வலையில் நூல் சூழ்ந்த இடைவெளியைக் கண் என்கிறோம். ஒரே நூல் இரண்டு கண்ணுக்குப் பொது. ஆகவே ‘வலைக்கண்’.

வலையைத் தரையில் விரித்தால்தான் கண்ணை எண்ணலாம் என்பதும் பொருந்துகிறது. கம்பிகள் ஒன்றையொன்று தாண்டாமல் தாளில் வரைய முடியாத சுற்றுக்கு மெஷ் முறை செல்லாது. அங்கே நோடு முறையை, அதாவது உறுப்புகள் சேரும் புள்ளிகளின் அழுத்தத்தைக் கொண்டு தீர்ப்பதை, எடுக்கலாம்.

லூப் ‘வளையம்’ ஆகவே இருக்கட்டும். ‘மடக்கு’ வேண்டாம், அதை நிரலாக்கக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

---

> ஆகவே ‘வலைக்கண்’

உடன்படுகிறேன். ஆனால் ‘கண்’ என்று குறுக்கிவிடாதீர்கள். மெஷ் கரன்ட் ‘கண்ணோட்டம்’ ஆகிவிடும்! ‘வலைக்கண் மின்னோட்டம்’ என்றே நீட்டி எழுதலாம்.

அதன் விளக்கத்திலும் ஒரு பிழை. ‘கிளையில் ஓடும் மின்னோட்டம்’ என்று இருக்கிறது. வலைக்கண் மின்னோட்டம் நாமாகக் கற்பித்துக்கொள்வது. நடுக்கிளையில் அம்மீட்டர் வைத்தால் இரண்டு வலைக்கண் மின்னோட்டங்களின் வேறுபாட்டைத்தான் காட்டும். இரண்டையும் கடிகாரத் திசையில் வைத்து, இடது அ, வலது ஆ என்று கொண்டால்:

6அ − 4ஆ = 12
−4அ + 8ஆ = −4

அ = 2.5 ஆம்பியர், ஆ = 0.75 ஆம்பியர். நடுவில் 1.75 ஆம்பியர், அதாவது 4 ஓம் தடையில் 7 வோல்ட். இடப்பக்கமாக வந்தாலும் 12 − 5 = 7.

பொதுத்தடையின் குறியைத் தவறவிட்டு +4 என்று இரண்டிலும் எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. அப்போது அ = 3.5, ஆ = −2.25 என்று வரும். பார்க்க நல்ல விடை மாதிரியே இருக்கும். சரிபார்த்தால் குட்டு உடையும்: இடப்பக்கமாக வந்தால் மேல்முனையில் 12 − 7 = 5 வோல்ட்; நடுக்கிளை வழியே 5.75 × 4 = 23 வோல்ட். ஒரே புள்ளிக்கு இரண்டு அழுத்தம் இருக்க முடியாது. இந்தச் சரிபார்ப்பைப் பாடத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

---

பொதுக்கிளையில் மின்னோட்ட மூலம் இருந்தால் இரண்டு மெஷ்களையும் ஒன்றாகச் சேர்த்து எடுப்பது சூப்பர்மெஷ். அதற்கு ‘கூட்டுக்கண்’ என்று யாரோ கலைச்சொல் அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள். கூட்டுக்கண் என்பது பூச்சியின் கண். ‘இணைந்த வலைக்கண்’ என்று மாற்றியிருக்கிறேன்.

நடுவில் 4 ஓமுக்குப் பதில், கீழ்நோக்கி 1 ஆம்பியர் தரும் மின்னோட்ட மூலம் இருக்கட்டும். அதன் இரு முனைக்கிடையே எத்தனை வோல்ட் என்று முன்கூட்டித் தெரியாது. பலர் அங்கே சுழி என்று போட்டுவிடுகிறார்கள். அந்தக் கிளையையே விட்டுவிட்டு வெளிச்சட்டத்தைச் சுற்றி எழுத வேண்டும்: 2அ + 4ஆ = 8. மூலம் தரும் நிபந்தனை அ − ஆ = 1. விடை 2, 1. மூலத்தின் மேல் 8 வோல்ட் விழுகிறது, சுழி இல்லை.

---

நோடு பற்றியும் முடிவு செய்துவிடலாம். பள்ளிப் புத்தகத்தில் ‘சந்தி’ இருக்கிறது. மூன்று அல்லது அதற்கு மேல் கிளைகள் கூடும் இடத்துக்கு அதையே வைத்துக்கொள்வோம். இரண்டே உறுப்புகள் சேரும் இடமும் நோடுதான். அதைச் சந்தி என்றால் ஒட்டாது. பொதுப்பெயர் ‘கணு’ ஆகட்டும்.

வலைக்கண் எண்ணிக்கை = கிளைகள் − கணுக்கள் + 1. முதல் சுற்றில் ஒவ்வோர் உறுப்பையும் தனிக் கிளையாக எண்ணினால் 5 − 4 + 1 = 2. சந்திகளை மட்டும் எண்ணி, அவற்றுக்கிடையே உள்ள ஒவ்வொரு பாதையையும் ஒரே கிளையாகக் கொண்டாலும் 3 − 2 + 1 = 2. இரண்டையும் கலந்து, உறுப்புகளை ஐந்தாகவும் சந்திகளை இரண்டாகவும் எடுத்தால் 4 வரும். இல்லாத இரண்டு வலைக்கண்ணை மாணவர் தாளில் தேடிக்கொண்டிருப்பார்.