14 பக்கங்களில் முகப்பு மட்டுமே தேடலில் வருகிறது

வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் எங்கள் தொழிலுக்கு வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் இணையதளம் தொடங்கி 11 வாரங்கள் ஆகின்றன. மொத்தம் 14 பக்கங்கள். கூகுள் தேடலில் முகப்பு மட்டுமே வருகிறது. வாடிக்கையாளர்கள் தேடிவர வேண்டிய 6 சேவைப் பக்கங்களில் ஒன்றுகூட இல்லை.

முதல் 3 வாரங்கள் என் கவனக்குறைவால் வீணாயின. தளத்தைக் கட்டும்போது, தேடுபொறிகள் வரவேண்டாம் என்று அமைப்புகளில் போட்டிருந்த டிக்கை எடுக்க மறந்துவிட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். பக்கத்தைத் தேடலில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் குறி இப்போது எங்கும் இல்லை என்பதை ஒவ்வொரு பக்கத்தின் மூலநிரலையும் திறந்து பார்த்தேன். தேடுபொறிகள் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு எதையும் தடுக்கவில்லை. தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல் கருவியில், பக்க முகவரிகளின் பட்டியலான சைட்மேப்பைக் கொடுத்தாயிற்று. 14 முகவரிகளும் அதில் பதிவாகியுள்ளன. முகப்பிலிருந்து ஆறு சேவைப் பக்கங்களுக்கும் இணைப்பு உண்டு.

ஆனாலும் அந்த ஆறுக்கும் சர்ச் கன்சோல் காட்டும் நிலை ஒன்றுதான்: பக்கம் படிக்கப்பட்டது, தற்போது கூகுளின் தேடல் அட்டவணையில் சேர்க்கப்படவில்லை. சேர்க்கும்படி இரண்டு முறை கோரிக்கை அனுப்பியும் மாறவில்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். ஆறிலும் முதல் நான்கு பத்திகள் அச்சு அசலாக ஒன்றே; வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் என்று பெயர் மட்டும் மாறுகிறது.

இவற்றை ஒரே பக்கமாக்கி, பழைய முகவரிகளை 301 முறையில் (நிரந்தரமாக) அதற்குத் திருப்பிவிடுவதா, அல்லது ஆறையும் தனித்தனியே புதிதாக எழுதுவதா?